ஐஸ்பெட்டி சாரும் அஞ்சலையக்கா கூடையும்

கடலூர் – சிதம்பரம் ரோட்டில் என் பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரிலும், தன் கையைப் பார்த்துத் தானே பயந்த மனுஷன் ஐஸ்பெட்டி சார் ஒருத்தர்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டுத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனவன். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அவர் வாரம் ஒருமுறை கடலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புவார். சிதம்பரத்தில் ஆராய்ச்சி. கையில் ரப்பர் உறை, வாயில் துணி, மடியில் ஐஸ்பெட்டி. டிக்கெட்டை நான்தான் அவர் சட்டைப்பையில் செருக வேண்டும்.

நான் பயந்த சுபாவம். முதல் நாளே கேட்டுவிட்டேன்.

“உள்ள என்னா சார்?”

“எலும்பு. புற்றுநோய் வந்த எலும்பு.”

ஆலப்பாக்கம் வரை பின் படிக்கட்டிலேயே நின்றேன். அப்புறம் தூரத்திலிருந்தே, “ஒட்டிக்குமா சார்?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. உங்களாலதான் அதுக்கு ஆபத்து. உள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. கை வேர்வையோ எச்சிலோ பட்டாலே அழிஞ்சிடும்.”

அன்றிலிருந்து அவர் சீட்டுப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டே போனேன்.

ஒருநாள் அவரே விளக்கினார். “புரதம் செய்யச் சேதி கொண்டுபோற ஆர்.என்.ஏ. இருக்கு. சேதியே கொண்டுபோவாததும் இருக்கு. வெட்டின்னு நெனைச்சாங்க. உங்க செக்கர் மாதிரிதான் அது. வண்டி ஓட்ட மாட்டார், டிக்கெட் கிழிக்க மாட்டார். ஏறுனா பஸ்ஸே அடங்கிடும் இல்ல? சிலது கொறைஞ்சா எலும்புல புற்று இஷ்டத்துக்குப் பரவும்.”

“அப்ப செக்கர் நல்லவரா சார்?”

“சில செக்கர் புற்றுக்கே துணைபோவார். யாரு எப்படின்னுதான் தேடுறேன்.”

அந்த வாரம் செக்கர் ஏறியபோது கும்பிடுவதா, இறங்கி ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

ஒரு மத்தியானம் புதுச்சத்திரத்தில் பஸ் படுத்துவிட்டது. மாற்று வண்டியைக் காணோம். சார் பெட்டியைத் திறந்தார். ஐஸெல்லாம் தண்ணீர்.

“கெட்டுப்போனா மறுபடி கேக்க முடியாது கண்டக்டர்.”

பக்கத்தில் மீன் கூடையோடு அஞ்சலையக்கா. “இட்லியும் உறையோடதான் துன்னுவியா சார்?” என்று வாராவாரம் அவரைச் சீண்டுகிறவர். இப்போது மெதுவாகக் கேட்டார்.

“யாரு எலும்பு அது?”

“பேர் சொல்லக்கூடாதும்மா. ஒரு பொண்ணு. காலையிலதான் கால எடுத்தாங்க.”

அக்கா கூடையைப் பிரித்தார். மீனுக்கு மேலே ஐஸ். “செதிலு இருக்கும், பரவால்லியா?”

“குப்பிய இறுக்கி மூடியிருக்கு. போடுங்க.”

இருந்த ஐஸ் முழுவதையும் வெறுங்கையால் அள்ளிப் போட்டார். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மீனு என்னாவறதுக்கா?” என்றேன்.

“வாய மூடு. பெட்டி மேல எச்சி தெறிக்குது.”

சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் மீன் நொந்து நாறத் தொடங்கிவிட்டது. சார் உறையைக் கழற்றினார். அத்தனை மீனையும் விலைக்கு வாங்கி, வெறுங்கையால் பையில் அள்ளினார்.

“சார், கை” என்றேன் பதறி.

“மீனுக்கு என் கையால ஒண்ணும் ஆவாது.”

அவர் முட்டைகூடத் தொடாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் கேட்டேன். “கெடலியே சார்?”

“கெடல.”

“அப்ப அந்தப் பொண்ணு பொழைச்சிக்குமா?”

“தெரியல கண்டக்டர். இது இனிமே வர்றவங்களுக்கு.”

பாதி புரிந்தது. மீதியைக் கேட்பதற்குள் அவர் வேறெங்கோ போய்விட்டார். இப்போதும் பஸ் நடுவழியில் நின்றால் எல்லோரும் இன்ஜினைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் மீன் கூடைகளில் ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.