எதிர்க்கடையில் முகர்ரமா அக்கா

முகர்ரமா அக்கா எதிர்க்கடை முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைப் பார்த்ததும் ஷவ்கத்துக்கு வயிறு எரிந்தது. அது மிர்சோவின் கடை. இவனைப் போலவே அவனும் குஜந்த் நகரச் சந்தையில் உலர்பழம் விற்கிறவன்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம். மற்றபடி அவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று ஷவ்கத்துக்குப் புரியவேயில்லை.

கடை திறந்த நாள் முதல் அக்கா ஷவ்கத்திடம்தான் ஆப்ரிகாட் வாங்கினார். மகள் கல்யாணத்துக்கும் இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போயிற்று. இப்போது மிர்சோவின் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது!

இத்தனைக்கும் ஷவ்கத்தின் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ‘புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பிடி பிஸ்தா இலவசம்’ என்று பலகை மாட்டியதிலிருந்து தினமும் புது முகங்கள்தான். ஆனாலும் அவன் கண் எதிர்க்கடையை விட்டு நகரவில்லை. எடை போடும்போதும் அங்கேயே பார்த்ததில், தராசில் கொஞ்சம் கூடவே விழுந்துகொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் கத்தினான். "அக்கா! ஆப்ரிகாட் விலையைக் குறைச்சிருக்கேன்! உங்களுக்காகவே!"

முகர்ரமா அக்கா திரும்பினார். "அப்போ இத்தனை வருஷமா எங்கிட்ட அதிகமா வாங்கிட்டிருந்தியா?"

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மிர்சோ தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"ஐயோ, அதில்லக்கா! இங்க வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

அக்கா மனம் இளகித்தான் வந்தார். ஷவ்கத் கெண்டியை எடுத்தான். அந்த ஊர் வழக்கப்படி, மரியாதைக்குரியவர்களுக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்ற வேண்டும். தீரத் தீர ஊற்றினால் பேச்சும் நீளும். ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். இது ஷவ்கத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் மிர்சோவின் முகம் எப்படிக் கறுக்கிறது என்று ரசித்துப் பார்த்துக்கொண்டே ஊற்றினான்.

தேநீர் விளிம்புவரை ஏறி வழிந்தது.

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "புரிஞ்சுதுப்பா," என்று எழுந்து மறுபடி எதிர்க்கடைக்கே போய்விட்டார்.

ஷவ்கத் இரண்டு கையிலும் பிஸ்தாவை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். "கோவிச்சுக்காதீங்கக்கா! இந்தாங்க, பிடிங்க!"

"இது புதுசா வர்றவங்களுக்குத்தானே? இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பருப்பு நீட்டினதில்ல. இப்போ நான் உனக்குப் புது ஆளாயிட்டேனா?"

"கீழ கொட்டிடாதண்ணே, இதுல போடு," என்று மிர்சோ தட்டை நீட்டினான். "அக்கா டீயோட கொறிக்கட்டும்."

ஷவ்கத் போட்டுத்தொலைத்தான். வேறென்ன செய்வது? சொந்தப் பிஸ்தாவால் எதிரியின் விருந்தாளியை உபசரித்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஒருத்தர் போனால் போகட்டும், ஊரே நம் கடைக்கு வருகிறதே என்று சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

கடையில் ஓர் இளம்பெண் பையோடு காத்திருந்தாள். "ஒரு கிலோ ஆப்ரிகாட் குடுங்கண்ணே. நான் புதுசு. பிஸ்தா உண்டுதானே?"

"உண்டு, உண்டு. யார் சொல்லி வந்தீங்கம்மா?"

"எங்க தெரு முகர்ரமா அக்காதான்."

ஷவ்கத் பிஸ்தா மூட்டைக்குத் தாவினான். அப்படியானால் அக்கா தன்னை விட்டுப் போகவில்லை! உட்காருவது அங்கே, மனசு இங்கே! ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் பிஸ்தாவை அள்ளினான். மிர்சோவுக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினான்.

"என்னைப்பத்தி என்ன சொன்னாங்க? நல்லா சத்தமா சொல்லுங்கம்மா!"

அவள் பிஸ்தாவைப் பையில் வாங்கிக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்: "'புதுசா போறவங்களுக்கு ஷவ்கத் மாதிரி தங்கமான ஆளு கிடையாது, பிஸ்தாவை வாங்கிக்கிட்டு அடுத்த தடவையிலேர்ந்து மிர்சோகிட்ட போயிடுங்க'ன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்கண்ணே."