யாரையும் போகவிடாத வீடு

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லும் ஒரே ஜென்மம் இந்தத் திருச்சி ஜில்லாவிலேயே நான்தான். இதை நான் தெரிந்துகொண்டது இருபத்திரண்டாவது வயதில், ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், பத்துப் பன்னிரண்டு பேர் சாட்சியாக. அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அம்மா தினமும் காலையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

"போறேம்மா!"

"போறேன்னு சொல்லாதடி. போயிட்டு வரேன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

(ஒன்றில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அது அப்போது யாருக்குத் தெரியும்?)

நான் ஒரு கனவுக் கேஸ். உறையூரிலிருந்து டவுன் பஸ் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அம்மா உறையூரில் ஒரு பள்ளியில் கிளார்க். அப்பா லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பூட்டின வீடுதான் என்னை வரவேற்கும். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, திறந்து, இருட்டுக்குள் கையைவிட்டு ஸ்விட்சைத் தேடுவேன். அப்போதெல்லாம், இந்த வீடு தானாக விளக்கைப் போட்டு "வாடி கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பிலேயே வளர்ந்து, எலக்ட்ரானிக்ஸ் படித்து, தில்லை நகரில் ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தும்விட்டேன். விளக்கு, ஃபேன், கதவு, மோட்டார் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் இணைத்துப் சொன்ன பேச்சுக்கு இயங்கவைக்கும் கம்பெனி. (அத்தை ஊரெல்லாம் சொன்னது: "அவ ஃபேனுக்கு நெட் குடுக்குற வேலைல இருக்கா.")

மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் நிரந்தரமாகவில்லை என்றால் ஒழுங்காகப் பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் சேர வேண்டும். இது எனக்கும் அம்மாவுக்கும் ஒப்பந்தம். கோச்சிங் சென்டரின் விளம்பரத் தாளை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியே விட்டாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் அது என்னை முறைக்கும்.

முதலாளி பாஸ்கர் சார் என்னை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை இதுதான். "இங்கிலீஷ்ல பேசுனாத்தான் லைட் எரியும்னா நம்ம ஊர்ல யாரும்மா வாங்குவா? தமிழ்ல கேக்கணும், தமிழ்ல பதில் சொல்லணும். என்னென்ன வார்த்தைன்னு நீயே எழுது."

எழுதினேன். எப்படி எழுதினேன் என்கிறீர்கள்? வேலை விஷயமாக ஏறிய ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்க, ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, பாதிக் கண் மூடியபடி எழுதினேன். ஒரு மனிதன் வீட்டுக்கு வருகிறான். "வரேன்" என்கிறான். கதவு மெல்லத் திறக்கிறது, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன, ஃபேன் சுற்றுகிறது, ஒரு குரல் அழைக்கிறது. அதே மனிதன் கிளம்புகிறான். என்ன சொல்வான்? நான் என்ன சொல்வேனோ அதைத்தான். "போறேன்." எல்லாம் அணைகிறது, கதவு பூட்டிக்கொள்கிறது. அடடா! எனக்கே கண் கலங்கிவிட்டது. ஸ்டாப்பிங்கும் தாண்டிவிட்டது.

வாசல் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவோம்; வாக்கியத்தில் கடைசியாக வரும் வார்த்தையை அது பிடித்துக்கொள்ளும். "வரேன்", "வரோம்" என்றால் வரவேற்பு. "போறேன்", "போறோம்" என்றால் பூட்டு. ஆபீஸில் நானே நூறு முறை சொல்லிப் பார்த்தேன். ஒரு முறைகூடத் தப்பவில்லை.

பெட்டிக்குக் குரல் வேண்டும். எங்கள் அம்மா பள்ளிக்கூட மைக்கில் அறிவிப்புச் செய்து பழகியவள், கணீரென்று இருக்கும். செல்போனை முன்னால் வைத்து, "வீட்டுக்கு வர்றவங்கள எப்படிம்மா கூப்பிடுவே?" என்றேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு (குரலைத்தான் பதிவு செய்கிறேன் என்று சொல்லியும்), "வாங்க வாங்க! உள்ள வாங்க!" என்றாள்.

"கிளம்பறவங்களுக்கு?"

"பத்திரமா போயிட்டு வாங்க."

அதையும் பதிவு செய்தேன். பதிவு செய்த எனக்கு அப்போதாவது உறைத்ததா? இல்லை. நான் இன்னும் கனவில், பாலத்து மேலே இருந்தேன்.

முதல் வாடிக்கையாளர் ரங்கராஜன் மாமா, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே ஒரு வியாதி. வீட்டைப் பூட்டிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டு, ஃபேனை நிறுத்தினோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போவார். மறுபடி வருவார். மறுபடி, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று போவார். "இவரோட ஒரு கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போனதில்லை" என்று அவர் மனைவி வைதேகி மாமி சொன்னாள். கும்பகோணத்தில் மாமியின் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். கிளம்புகிற அன்று காலையிலேயே வீட்டின் செயல்விளக்கத்தை வைத்துக்கொண்டோம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களையும் மாமா அழைத்திருந்தார்.

"இந்த வீதில இன்னும் நாலு வீடு சரின்னு சொன்னா நீ பர்மனென்ட்" என்றார் பாஸ்கர் சார். இல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் கதவு சொல்லிவிட்டது.

ஆரம்பம் அமர்க்களம். மாமா தெருவில் நின்று "வரேன்" என்றார். கதவு திறந்தது. கூடத்து விளக்குகள் எரிந்தன. "வாங்க வாங்க! உள்ள வாங்க!" என்றது எங்கள் அம்மாவின் குரல். எல்லோரும் கைதட்டினார்கள். மாமி கும்பகோணம் டிகிரி காபி கொடுத்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"கிளம்பறச்சே என்ன சொல்லணும்?" என்று மாமா கேட்டார். நான் வார்த்தைகளை எழுதிவைத்த சீட்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள் பாஸ்கர் சார் முந்திக்கொண்டார்.

"புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். தினம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வீங்களோ, அதையே சொல்லுங்க. வீடு தானா பூட்டிக்கும்."

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த பெருமாள் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "பெருமாளே, போயிட்டு வரேன்."

பாதி சாத்தியிருந்த கதவு அகலத் திறந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. "வாங்க வாங்க! உள்ள வாங்க!"

மாமா மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க முணுமுணுன்னு சொன்னா அதுக்கு எப்படிக் கேக்கும்?" என்று மாமி பெட்டிக்கு நேராகக் குனிந்து உரக்கச் சொன்னாள்: "நாங்க கும்பகோணம் போயிட்டு வரோம்!"

"வாங்க வாங்க! உள்ள வாங்க!"

எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மோட்டார் ஞாபகம் வந்தது. "தொட்டி ரொம்பிடும், நான் வரேன்" என்று எழுந்தார். அவரையும் அழைத்தது. ஒரு கால் செருப்போடு திரும்பி வந்தார். வாசலோடு போன பூக்கார அம்மா "மாமி, நாளைக்கு வரேன்" என்று குரல் கொடுத்தாள். கதவு அவளுக்கும் திறந்தது. "கூப்பிட்டீங்களா மாமி?" என்று கூடையோடு உள்ளே வந்தாள். கார் டிரைவர் எட்டிப் பார்த்து, "சார், நேரமாவுது, வண்டியத் திருப்பிட்டு வரேன்" என்றார். அவரும் உள்ளே. மாமி வேறு வழியில்லாமல் அவருக்கும் ஒரு காபி கலந்தாள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பதறியிருக்க வேண்டும். நானோ சுவரோரம் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லா ஃபேனும் சுற்றுகிறது. திரைச்சீலைகள் அசைகின்றன. அம்மாவின் குரல் யாரையும் விடாமல், சலிக்காமல், ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் நான் கேட்ட வீடு இதுதான். அப்படியே சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பைப் பாஸ்கர் சார் பார்த்துவிட்டார்.

"என்னதான்மா சொல்லணும் இதுக்கு?" என்று பல்லைக் கடித்தார்.

சீட்டை எடுத்தேன். "போறேன்னு சொல்லணும் சார்."

மாமி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துக்குக் கிளம்பறச்சே, வாசப்படியில நின்னுண்டு, அந்த வார்த்தையையா? பெருமாளே!"

"ஒரே ஒரு தடவ மாமி..."

"ஏண்டிம்மா, அப்படி யாராவது சொல்லுவாளா?"

யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா, "நேக்கு எண்பத்திரண்டு வயசாறது, என்னைச் சொல்லச் சொல்லாதேங்கோ" என்று காபி டம்ளரால் வாயை மூடிக்கொண்டார். டிரைவர், "வண்டி ஓட்டுறவன் சார், வேணாம்" என்றார். பூக்கார அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் முதலாளியைப் பார்த்தேன். ஸ்மார்ட் வீடு, ஸ்மார்ட் உலகம் என்று வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்.

"நான் பைக்ல பாலம் தாண்டணும்மா" என்றார் மெதுவாக.

ஆக, நான்தான். எல்லோரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, வாசலில் நின்று, கணீரென்று சொன்னேன்: "போறேன்!"

விளக்குகள் அணைந்தன. ஃபேன்கள் நின்றன. கதவு சாத்திக்கொண்டது. 'க்ளக்' என்று பூட்டு விழுந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு, அந்த அமைதியில், வீதி முழுக்கக் கேட்கும்படி எங்கள் அம்மாவின் குரல்: "பத்திரமா போயிட்டு வாங்க."

"பாத்தேளா!" என்றாள் மாமி. "பொட்டிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு!"

வீதியே சிரித்தது. பாஸ்கர் சார் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு நீ ஆபீசுக்கு வர வேண்டாம்மா" என்றார். சொன்னபடியே ஆகிவிட்டது பாருங்கள். நான் போறேன் என்றேன், வேலை போய்விட்டது. தினமும் நான் சொன்ன அந்த வார்த்தை, மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருக்கும் மனிதனின் பெண்டாட்டிக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போறேன் மாமி" என்றேன். (பழக்கம். சாகிற வரை போகாது.)

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லப்படாது. போயிட்டு வரேன்னு சொல்லு."

"மாமி, போயிட்டு வரேன்."

பூட்டு திறந்தது. கதவு விரிந்தது. அத்தனை விளக்கும் எரிந்தது. "வாங்க வாங்க! உள்ள வாங்க!"

அவ்வளவுதான். நடுவீதியில் ஓவென்று அழுதுவிட்டேன். "என்ன ஆச்சும்மா?" என்று மாமா பதறினார். "அது எங்கம்மா குரல் மாமா" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாஸ்கர் சாரைப் பார்த்தார். "ஒரு வார்த்தைதானே சார் தப்பு. இந்தப் பொண்ணே வந்து மாத்தட்டும். இவா அம்மா எங்காத்துல இருக்கறச்சே வேற யாரை உள்ள விடறது?"

பிறகு பழைய பித்தளைப் பூட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வீதி முனை வரை போன கார் திரும்பி வந்தது. மாமா இறங்கிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு இன்னும் ஒரு மாதம் கிடைத்தது. அந்த மாதம் முழுக்க, சாயங்காலங்களில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, பிரிகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். "அப்ப வரட்டா?" "வந்துர்றேன்." "பாப்போம்." "வாரம் பொறந்து வரேன்க்கா." ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் "அடியேன் விடை வாங்கிக்கறேன்" என்றார். பஸ்கள் துறையூருக்கும் திருவெள்ளறைக்கும் கிளம்பிக்கொண்டே இருந்தன. ஜன்னல்களிலிருந்து கைகள் ஆடின. நோட்டு நிறைந்துவிட்டது. அதில் "போறேன்" என்று ஒருவர்கூட இல்லை. இத்தனை பஸ் கிளம்பும் ஊரில் எல்லோரும் வந்துகொண்டே இருக்கிறார்கள்! சொக்கிப்போய் உட்கார்ந்திருந்ததில் நான் இரண்டு முறை கடைசி உறையூர் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தேன்.

நோட்டு முழுவதையும் கற்றுக்கொண்டு பெட்டி திருந்தியது. அந்த வீதியில் மூன்று வீடுகள் சரி என்றன. நாலாவதாகப் பாஸ்கர் சார் தன் சொந்த வீட்டுக்கே மாட்டிக்கொண்டு என்னை நிரந்தரமாக்கினார். ஃபிரிட்ஜ் தாளை அம்மா தானே எடுத்து, மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் மட்டும் இன்றுவரை விமோசனம் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு "போயிட்டு வரேன்" என்றால் போதும், அப்பா ஓடிப்போய் ஃபேனைப் போடுவார், லைட்டைப் போடுவார், கதவை அகலத் திறந்து பிடித்துக்கொள்வார். அத்தை வந்திருந்தால் ஒரு டம்ளர் காபியை நீட்டுவாள்.

மூன்று வருடம் கழித்து பெங்களூரில் வேலை கிடைத்தது. ஜங்ஷனுக்கு அம்மா வந்திருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், பெட்டிக்குச் சங்கிலி போட்டாயா என்ற விசாரணை எல்லாம் முடிந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்தது.

"போயிட்டு வரேம்மா" என்றேன்.

அம்மாவின் உதடு கோணிக்கொண்டது. கூடவே நடந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பள்ளிக்கூட மைக் குரலில், பிளாட்பாரம் அதிரச் சொன்னாள்: "வாங்க வாங்க! உள்ள வாங்க!"

எதிர் சீட்டுக்காரர் யாரோ ஏறப்போகிறார்கள் என்று நினைத்து, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.