முனகிய வேலி

எனக்கு எல்லாம் தெரியும் என்ற வியாதி, கல்யாணமான புதிதில் எனக்கு முற்றிப்போயிருந்தது. அது இறங்கியது ஒரு குதிரைக்கு வேலி போட்டபோது.

எழுபதுகளில் என் அண்ணன் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். நான் ஓர் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். அவருடைய குதிரை நிறைசினை. ஒரு மாதம் என் வீட்டுப் பின்மனையில் மேயட்டும் என்று கொண்டுவந்து விட்டார். "சுத்தி முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிடு, போதும்" என்றார். ஃபிட்டர் முள் வெட்டுவானா? கம்பெனியில் கழித்துப்போட்ட குழாய்களை வாங்கிவந்து, கம்பி நுழைய வரிசையாகத் துளை போட்டு, பன்னிரண்டு கம்பம் நட்டேன். தெருவே வந்து பார்த்தது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் உச்சிவெயிலில், ஆளே இல்லாத மனையில் யாரோ முனகும் சத்தம் கேட்டது. ஒரு குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து நாலைந்து பேர். குதிரை நட்டநடுவில் நின்று, காதை விறைத்துக்கொண்டு, வடகிழக்கு மூலையையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. புல்லைத் தொடவில்லை. தினமும் அதே நேரம், அதே முனகல். ஐந்தாம் நாள் அதன் விலா எலும்பு தெரிந்தது. நான் பின்கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். (வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.)

அண்ணன் வந்து குதிரையின் வயிற்றைத் தடவினார். "இதுக்கு எதுனா ஆச்சின்னா ஜட்கா அவ்ளோதான்டா. புள்ளைங்களுக்கு இன்னா போடுவேன்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பூசாரியை அழைத்தேன். மூலையைப் பார்த்ததுமே, "முனி போற பாதைய மறிச்சிக்கினு வேலி போட்டுக்கிறியே நைனா" என்றார். அடுத்த நாள் உச்சிப்பொழுதில் பூசணி, எலுமிச்சை, கற்பூரம், பாதித் தெரு எல்லாம் தயார். முனகல் கிளம்பியது. கூட்டம் நாலடி பின்வாங்கியது. நான் மூலைக் கம்பத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தெரியாம செஞ்சிட்டேன் சாமி" என்று கதறினேன்.

என் மனைவி கனகா மட்டும் நேராக நடந்துவந்து, கம்பத்தின் வாயை உள்ளங்கையால் மூடினாள். ஒரு குரல் நின்றது. கையை எடுத்தாள். மறுபடி முனகியது.

"எய்ந்திருங்க. கடல்காத்துக்கு உங்க பைப்புதான் ஊதுது" என்றாள்.

(பன்னிரண்டு புல்லாங்குழல் செய்து நட்டு, அதில் ஒன்றின் காலில் விழுந்த ஒரே ஃபிட்டர் நான்தான்.) சிரிப்பை அடக்கப்போய்ப் பூசாரிக்கு இருமல் வந்துவிட்டது. எல்லாக் குழாயின் வாயையும் துளையையும் சாணியால் அடைத்தோம். குதிரை அன்றே மேய்ந்தது. நாலாம் நாள் நண்பகலில் குட்டி போட்டது. சேதி கேட்டு ஓடிவந்த அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வயிற்றுவலி என்று முனகினால், "சாணி எட்தாங்க" என்பார்கள். கனகா இந்தக் கதையை எடுத்தால் கல்யாணப் பந்தலே சிரிக்கும். குட்டி பிறந்ததோடு முடித்துவிடுவாள்.

அண்ணன் வந்து சேரும் முன், குட்டி தள்ளாடி எழுந்து நின்றது. தாயும் குட்டியும் ஒன்றாக அந்த மூலைப் பக்கம் திரும்பின. அன்று இலை அசையவில்லை. அடைத்த குழாய்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு குரல் முனகியது. கனகா என் கையை இறுகப் பிடித்தாள். அதை அவளும் யாரிடமும் சொன்னதில்லை, நானும் அவளிடம் கேட்டதில்லை.