பொன்மலை பேண்டுக்கு ஒரு வருகைப் பதிவேடு

பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில் இருபது கட்டில்கள் இருந்தன. ரெங்கராஜ் இருபதையும் இரண்டு முறை சுற்றி வந்துவிட்டார். கையில் அரை டஜன் சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன. கக்கத்தில் குடை. அற்புதசாமியைத்தான் காணவில்லை.

வார்டு கிளார்க்கிடம் போய்க் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று கிளார்க் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நல்லாப் பாருங்க. எம். அற்புதசாமி, பாய்லர் ஷாப். திங்கட்கிழமையிலேர்ந்து இங்கே படுத்திருக்கார்னு வொர்க்‌ஷாப் கேட்ல சொன்னாங்க. ரிஜிஸ்தர்ல இருக்கும்."

ரிஜிஸ்தர் என்ற சொல்லைக் கேட்டதும் கிளார்க் நிமிர்ந்தார். கழுத்துப் பித்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள், அதில் ஒன்று சிவப்பு. தோளில் கறுப்பு ரெக்ஸின் பை. கிளார்க் எழுந்து நின்றார்.

"சார் யாருங்க?"

"ஸ்ரீரங்கத்திலேர்ந்து வரேன். அவரை மட்டுமில்லை, நாலு பேரையுமே ஒரு வருஷமா நான் கவனிச்சுக்கிட்டுத்தான் வரேன்."

கிளார்க் பதிவேட்டைத் திறந்தார். அதில் பேர் இருந்தது. இருபதாம் கட்டில் என்றும் இருந்தது. இருபதாம் கட்டிலில் சுருட்டிய பாய்கூட இல்லை. ஆள் கொஞ்சம் காற்றாட வெளியே போயிருக்கலாம் என்று கிளார்க் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. பாவம், இவருக்கும் உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த ரெங்கராஜ், அவருக்கு ஒரு சாத்துக்குடியைக் கொடுத்தார். கிளார்க் அதைத் தொடாமல் மேஜைமேல் வைத்துவிட்டார்.

ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிளார்க். பத்தொன்பது வருஷமாக மாணவர் வருகைப் பதிவேடுகள் அவர் பொறுப்பு. நாற்பத்திரண்டு வயது வரை எந்தப் பாட்டுக்கும் தலையாட்டாத மனிதர். போன வருஷம் ஐப்பசியில் ஒரு பையனின் டி.சி. விஷயமாகப் பொன்மலைக்கு வந்தவர், மழைக்காக ரயில்வே இன்ஸ்டிடியூட் வராந்தாவில் ஒதுங்கினார். உள்ளே நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். டெரிக் கித்தாரோடு பாடினான். அவன் தம்பிக்கும் நஜிமுதீனுக்கும் ஆளுக்கொரு கித்தார். அற்புதசாமி டிரம்ஸ். நாலு பேரும் வொர்க்‌ஷாப் தொழிலாளிகள். பேண்டின் பெயர் ஃபயர்பாக்ஸ் பாய்ஸ்.

பாட்டு இங்கிலீஷ். ஒரு வரியும் அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த கித்தார் ஒலித்ததும், பத்தொன்பது வருஷமாக உள்ளே பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று எழுந்து நடமாட ஆரம்பித்ததை அவர் உணர்ந்தார். மழை நின்றது. அவர் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்கள் என்றால் அதற்குப் பிறகு போட்டோ வாங்கி மாட்டியிருப்பார்கள், முடி வளர்த்திருப்பார்கள். ரெங்கராஜுக்குத் தெரிந்த அன்பு ஒன்றுதான். ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். இடப்பக்கம் நாலு பேரின் பெயர், மேலே தேதி. வந்தவருக்குக் கோடு, வராதவருக்குச் சிவப்பு வட்டம். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், இடம். இனிஷியல் இல்லாமல் பதிவேட்டில் பெயர் எழுதக்கூடாது என்பதால், வொர்க்‌ஷாப் கேட்டுக்குப் போய் நாலு பேருக்கும் இனிஷியலும் எந்த ஷாப் என்பதும் கேட்டு எழுதிக்கொண்டார். லால்குடி, முக்கொம்பு, மணப்பாறை என்று அவர்கள் போன இடமெல்லாம் போனார். முன்வரிசையில் உட்கார்ந்து எழுதினார். வீட்டில் நோட்டு தொலைந்தால் என்ன ஆவது என்று கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்தார்.

அந்த அன்பு வீண்போகவில்லை. மூன்றாவது நிகழ்ச்சியிலேயே அவருக்குத் தனி நாற்காலி போட்டார்கள். கேட்காமலே கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். டெரிக் பாடும்போது அவரைத்தான் பார்ப்பான். பார்த்தால் அவன் குரல் நடுங்கும். அந்த நடுக்கத்தை ரெங்கராஜ் நோட்டில் 'பாவம் மிக நன்று' என்று குறித்தார். ஒருமுறை அவர்களே செய்த ஆம்ப்ளிஃபையரைத் தடவிப் பார்த்து, "தகடு வொர்க்‌ஷாப்பிலேர்ந்து கிடைச்சுதா? அருமையா இருக்கு" என்றார். நஜிமுதீன் நெகிழ்ந்துபோய் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

அப்படிப்பட்ட பேண்டில் டிரம்ஸ்காரர் சீக்காகப் படுத்தால் ரெங்கராஜ் சும்மா இருப்பாரா? அன்று வைகுண்ட ஏகாதசி. பள்ளிக்கு லீவு. ஊரே சொர்க்கவாசல் சேவிக்க ஸ்ரீரங்கத்துக்கு வருகிறது, நீங்கள் மட்டும் பொன்மலைக்குப் போகிறீர்களே என்று மனைவி சந்திரம்மாள் கேட்டாள். விடிகாலையிலேயே சேவித்தாயிற்று என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறியிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே காலனியில் அற்புதசாமி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது அவன் அம்மா வியாகுலம்மாள். ரெங்கராஜ் விவரம் சொன்னார். வார்டில் ஆள் இல்லை, பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்கிறது, அதனால் மனசு கேட்காமல் வீட்டுக்கே வந்துவிட்டதாகச் சொன்னார். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது.

அற்புதசாமி கட்டிலில் கழுத்துவரை கம்பளி போர்த்திக் கிடந்தான். கம்பளிக்கு வெளியே பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ் தெரிந்தது. பூட்ஸைக்கூடக் கழற்ற முடியாத அளவுக்குக் குளிர்ஜுரம் என்று ரெங்கராஜ் புரிந்துகொண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு தம்பி?"

"இப்பதான் சார்," என்றான் அற்புதசாமி. பிறகு, "திங்கட்கிழமையிலேர்ந்து" என்றான்.

ரெங்கராஜ் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். இந்த நிலைமையில் இன்று சாயங்காலம் லால்குடி மாதா கோவில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மற்ற மூன்று பேரைத் தானே அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதாகவும் தைரியம் சொன்னார். வியாகுலம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

லால்குடியில் ஏழு மணிவரை காத்திருந்தார். மூன்று பேரும் வரவில்லை. நோட்டில் நாலு சிவப்பு வட்டம் போட வேண்டியதாயிற்று.

அற்புதசாமிக்கு நல்ல வைத்தியம் இல்லாததால்தான் மற்றவர்களும் வரவில்லை என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு ஒரு மனு எழுதினார். எம். அற்புதசாமி சாதாரண நோயாளி இல்லை, வொர்க்‌ஷாப் கேட்டில் விசாரித்தபடி 'சிக்' லீவில் இருந்த நாட்களில்கூட மேடை ஏறி மூன்று மணி நேரம் டிரம்ஸ் அடித்த கடமை வீரன் என்பதற்கு ஏழு தேதிகளை ஆதாரமாகக் காட்டினார். அப்படிப்பட்ட உடம்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மனுவை அதே வார்டு கிளார்க்கிடம் கொடுத்தார்.

கிளார்க் படித்துவிட்டு உட்கார்ந்தார். "இதை மேலே அனுப்ப வேண்டாம் சார். நானே பார்த்துக்கிறேன். அவருக்கு நாளைக்கே குணமாயிடும்."

அப்படியே ஆயிற்று. மறுநாள் அற்புதசாமி வேலைக்குப் போனான். ஒரு மனுவுக்கு இவ்வளவு சக்தி உண்டா என்று ரெங்கராஜே வியந்தார்.

ஆனால் உடம்பு தேறியதே தவிர பேண்டு தேறவில்லை. காணும் பொங்கலுக்கு முக்கொம்பில் வாசிப்பதாக இருந்தது. ரெங்கராஜ் மர நிழலிலிருந்து பார்த்தபோது டிரம்ஸை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். குடையை மடக்கிக்கொண்டு அவர் கிட்டே வருவதற்குள் டிரம்ஸ் மறுபடி வேனில் ஏறியது. வேன் கிளம்பியது. டெரிக்கின் தொப்பி புல்லில் கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, பத்திரமாகத் தபாலில் அனுப்பினார், 'முக்கொம்பில் தாங்கள் விட்டுச் சென்றது' என்று தேதியோடு ஒரு சீட்டும் வைத்து.

பிள்ளைகள் மனமுடைந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. இத்தனை வாசித்தும் இந்த ஊர் ஒரு பாராட்டு, ஒரு மாலை என்று செய்ததுண்டா? அதற்கும் வழி கண்டார். தலைமையாசிரியரிடம் ஒரு வாரம் மன்றாடி, பள்ளி ஆண்டு விழாவில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த அனுமதி வாங்கினார். பிறகு கடிதம் எழுதினார்.

'பிப்ரவரி எட்டாம் தேதி புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தாங்கள் நால்வரும் தவறாமல் நேரில் வர வேண்டியது. இதுவரை தாங்கள் எந்தெந்த நாளில் எங்கெங்கே வாசித்தீர்கள் என்ற முழு விவரமும் என்னிடம் உள்ளது. அது அன்று பெரியோர் முன்னிலையில் வாசிக்கப்படும். தங்களுக்குத் தக்கது செய்யப்படும்.'

சந்திரம்மாளிடம் படித்துக் காட்டினார். நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் அவள். பதினெட்டு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள்.

நாலாம் நாள் பதில் வந்தது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

'ஐயா, நாங்கள் பேண்டைக் கலைத்துவிட்டோம். கித்தாரைத் தொடுவதில்லை. இனி ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்க மாட்டோம். எங்களுக்கு வயதான பெற்றோர் இருக்கிறார்கள்.'

வயதான பெற்றோருக்கும் கித்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று ரெங்கராஜுக்கு விளங்கவில்லை. ஆனால் முதல் வரி விளங்கியது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முழுவதற்கும் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். வாழ்க்கையில் அவராகத் தேடிக்கொண்ட சந்தோஷம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் பதிவேடுகளும் பென்ஷனும்தான் மிச்சம். சந்திரம்மாளே பொறுக்காமல், போய் ஒருமுறை கேட்டுவிட்டாவது வாருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் அற்புதசாமி வீட்டுக்குப் போனார். நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். அவரைக் கண்டதும் எழுந்து, சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். கித்தார்கள் மூலையில் போர்வைக்குள் கிடந்தன.

"கலைச்சுட்டோம் சார்," என்றான் டெரிக். "ரியலி, சார். ஃபினிஷ்."

ரெங்கராஜ் உட்கார்ந்தார். வரும் வழியில் பஸ்ஸில் நிறைய யோசித்து வைத்திருந்தார். எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பையைத் திறந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கார்பன் நகலையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

"முப்பத்தொரு நிகழ்ச்சி. ஒண்ணுகூட விடலை. எல்லாம் இதுல இருக்கு. வேற காப்பி கிடையாது. இது என்கிட்ட இருந்தா எனக்குத் தாங்காது தம்பி. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க என்ன செஞ்சாலும் சரி."

டெரிக் அற்புதசாமியைப் பார்த்தான். அற்புதசாமி அம்மாவைப் பார்த்தான்.

"வேற காப்பி கிடையாதுங்களா?" என்றாள் வியாகுலம்மாள்.

"கிடையாதும்மா. மாதா சத்தியமா." அந்த வீட்டில் எந்தச் சத்தியம் செல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாள் இரண்டு நோட்டையும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து காகிதம் கருகும் வாசனை வந்தது. காப்பிக்கு அடுப்பு மூட்டுகிறாள் என்று ரெங்கராஜ் நினைத்தார்.

"ஒரே ஒரு பாட்டு," என்றார். "எனக்காக."

அதற்காகவே காத்திருந்தவர்கள்போல அந்தப் பிள்ளைகள் போர்வையை இழுத்து எறிந்தார்கள். டிரம்ஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. ஃபயர்பாக்ஸ் பாய்ஸ் அன்று வாசித்ததுபோல் என்றைக்கும் வாசித்ததில்லை. டெரிக்கின் குரலில் துளி நடுக்கம் இல்லை. அது மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு பாட்டு ஏழு பாட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் கூடினார்கள். ரெங்கராஜ் எதையும் எழுதவில்லை. எழுத நோட்டும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்காமல் கேட்டார். கேட்கத் தெரிந்த ஒருவனின் அன்பு எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று அவருக்குத் தோன்றியது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் வியாகுலம்மாள் காப்பி கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"குடிங்க ஐயா. முப்பது வருஷமா இந்தக் காலனியில இருக்கேன், பொய் சிக் போட்டவங்களைப் பிடிக்க எத்தனையோ பேர் வந்து போயிருக்காங்க. பாட்டைக் கேட்டு அழுத விஜிலன்ஸ் இன்ஸ்பெக்டரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."