மலைபிடுங்கி அண்ணையும் சாம்பார்க் கிடாரமும்

கனடாவில், பிறம்ரனில் உள்ள வெயர்ஹவுஸ்களில் பாரம் தூக்குகிறவர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டிலும் மலைபிடுங்கி அண்ணையை மறு தட்டிலும் வைத்தால், அண்ணையின் தட்டுத்தான் தாழும். வயது அறுபது தாண்டியிருந்தது. ஆனாலும் யாராவது உதவிக்குக் கை நீட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"தள்ளடா அங்கால! நானென்ன சீக்காளியே?"

மலைபிடுங்கி என்று பெயர் வைத்தது எங்களோடு வேலை செய்த வியட்நாம்காரி ஹ்வா. அண்ணை ஒரு ஃபிரிட்ஜைத் தனியாகத் தூக்கியதைப் பார்த்து, "பாட் சோன் கூ டின்" என்றாள். மலையைப் பிடுங்கி, அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்தைத் தூக்கும் பலம் என்று அர்த்தமாம். அவர்களுடைய பழைய இலக்கியத்தில் மாவீரர்களுக்குச் சொல்வார்களாம்.

வேறு ஆளென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அண்ணை அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பனிக்காலத்தில் கார் பார்க்கில் குவித்திருந்த பனிமலையைத் தனியாக வெட்டித் தள்ளிவிட்டு, "மலை முடிஞ்சுது. இனிக் கிடாரம்தான்" என்றார்.

கோவில் திருவிழாவில் அதுவும் வாய்த்தது. அன்னதானத்துக்கு ஹ்வாவையும் கூட்டிவந்திருந்தார். சனம் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருக்க, சாம்பார்க் கிடாரம் ஏற்றும் வண்டியின் சில்லு கழன்றுவிட்டது. நாலு பேர் ஓடிவருவதற்குள் அண்ணை, வெறும் மேலும் வேட்டியுமாக, சாக்குத் துணியால் பிடித்துக் கிடாரத்தைத் தூக்கிவிட்டார். நாலடி நடந்திருப்பார். இடுப்பில் வேட்டி நெகிழ்ந்தது.

"எடேய், வேட்டி போகுதடா! பிடியடா!"

"கிடாரத்தை வையுங்கோ அண்ணை!"

"விசரே உனக்கு? கவிண்டா சனம் என்னத்தைத் தின்னும்?"

நான் பின்னால் வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன். கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு வலம் வந்ததில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் கிடாரம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதுகடியில் அண்ணையின் நாரிதான் பிடித்துக்கொண்டது. குனிந்தவர் நிமிரவில்லை. ஹ்வா கைதட்டி அந்த நாலு சொல்லையும் உரக்கச் சொன்னாள். நிலத்தைப் பார்த்தபடியே, "கேட்டனியோ?" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை அவரால் ஒரு சப்பாத்துப் பெட்டியைக்கூடத் தூக்க முடியவில்லை. புது சூப்பர்வைசரோ வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பச் சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவன். அவன் அந்தப் பக்கம் திரும்புமுன் அண்ணையின் பெட்டிகளை நானும் ஹ்வாவும் மற்றவர்களும் மாறிமாறித் தூக்கினோம். அவர் ஸ்கானரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா! முதுகை வளைக்காதை!" என்று எங்களை அதட்டிக்கொண்டே நின்றார்.

நாரி சுகமாகும்வரை அப்படித்தான் ஓடியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அண்ணை இல்லாமல் அந்த வெயர்ஹவுஸில் ஒரு நாளைத் தள்ளும் பலம் எங்கள் ஒருவரிடமும் இருக்கவில்லை.