பந்து கட்டிய ஏரியல்

"மேடம், மேஜை உங்களுக்கு நேரா இருக்கு! ரெண்டே அடி! கைய நீட்டுங்க!"

வரவேற்புப் பெண் போட்ட சத்தத்தில் ஆபரேட்டரம்மா கையிலிருந்த கோலைக் கீழே விடப் பார்த்தாள். மேஜை அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாதா? ஒன்பது வருடமாகத் தெரியும். அதன் இடது மூலையில் பிளாஸ்டிக் பெயர்ந்திருப்பது கூடத் தெரியும்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவும் முடியாது. அழுது அழுது இரண்டு கண்ணும் வீங்கிப்போயிருந்ததால், ஆபரேட்டரம்மா கிளம்பும்போது கணவரின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஆளுயரக் கோல் வேறு. பார்க்கிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

கோல் அவர் செய்தது. பழைய ஏரியல் குழாயின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார். ரேடியோ பழுது பார்க்கிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாரத்தில் மூன்று நாள் இந்த நீச்சல் குளத்துக்கு வருவார். அவர் நீந்திச் சுவரை நெருங்கும்போது, கரையில் நிற்கும் அவள் கோலை நீட்டிப் பந்தால் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். சுவர் வந்துவிட்டது, திரும்பு என்று அர்த்தம். ஒன்பது வருடமாக அதுதான் அவளுடைய உத்தியோகம்.

மூன்று மாதத்துக்கு முன் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

உறுப்பினர் அட்டைகளை ஒப்படைத்துவிட்டு, கோலையும் யாருக்காவது உபயோகப்படட்டும் என்று கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். விலகல் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிவிடலாம் என்று மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். 'காரணம்' என்ற இடத்தில் நான்கு கட்டம். வீடு மாற்றம், உடல்நலக் குறைவு, சேவையில் அதிருப்தி, பிற. அவர் இல்லாமல் போனதைப் 'பிற' என்று போட அவளுக்குக் கை வரவில்லை. வாய்விட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உறவுக்காரர்களுக்கெல்லாம் அண்ணன் மகள்தான் போன் செய்தாள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் வீட்டுச் சாவுச் செய்திக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, தன் வீட்டுச் செய்தியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள்.

"கார்டு குடுங்க மேடம்." பெண் வாங்கி எண்ணைத் தட்டினாள். முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா அது! மூணு மாசமா வரவே இல்லையே? நான் சேர்ந்து ஒரு மாசம் ஆகுது. கண்ணு தெரியாதவங்கள எப்படிக் கவனிச்சுக்கணும்னு ரெண்டு நாள் டிரெய்னிங் குடுத்தாங்க. கத்துக்கிட்டத யார்கிட்டக் காட்டறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்!"

"இல்லம்மா... நான் வந்தது... அவர் இனிமே வரமாட்டார்."

பெண் திரையைப் பார்த்தாள். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர். உடன் வருபவர் ஒருவர்.

"கூட வர்றவரா? விட்டுட்டுப் போயிட்டாரா?"

"விட்டுட்டுத்தான் போயிட்டார்."

"சொல்லாம கொள்ளாமயா?"

"சொல்லாம கொள்ளாமத்தான்."

"என்ன மனுஷன் மேடம் அவரு! உங்கள இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சாம்?"

மூன்று மாதமாக அவள் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டியதுதான் வினையாகப் போயிற்று.

"போனா போகட்டும் விடுங்க. நான் எதுக்கு இருக்கேன்?" பெண் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டாள். "காலுக்குக் கீழ மேடு மேடா ஒண்ணு தட்டுப்படும். அதுதான் பாதை. மஞ்சள் கலர். கலர் உங்களுக்கு எதுக்கு, மன்னிச்சுக்குங்க!"

அந்த மஞ்சள் பட்டையில் நடப்பது அவருடைய உரிமை. அவள் எப்போதும் பக்கத்தில்தான் வருவாள். இன்றைக்கு முதல் தடவையாக அதன் மேல் கால் வைத்தபோது உள்ளங்கால் கூசியது. அந்தக் கூச்சத்தில் வாசல் நிலையைக் கவனிக்காமல் தோளை இடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! என் தப்பு மேடம்!"

யார் தப்பும் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். படுக்கையிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு எட்டு, வாசலுக்குப் பத்தொன்பது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நடக்கிற அவர் ஒரு நாளும் எதிலும் முட்டியதில்லை. கண் தெரிந்த அவள்தான் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டு "அம்மா" என்பாள். "உனக்கும் ஒரு கோல் செஞ்சு தரட்டுமா ஆபரேட்டர்?" என்பார் அவர்.

"இப்போ அமைதி நேரம் மேடம்!" என்று பெண் கத்தினாள். "பாட்டு கிடையாது! விளக்கெல்லாம் பாதிதான்! கை காய வைக்கிற மிஷினோட ஒயரைக் கூடப் பிடுங்கி வச்சிட்டோம்! சத்தம் ஒத்துக்காதவங்களும் நிம்மதியா நீந்தணும் பாருங்க!"

காதை மூடும் உறை மாட்டியிருந்த தாடிக்காரர் ஒருவர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "ஷ்!" என்றார். உறையையும் தாண்டிப் போயிருக்கிறது சத்தம். பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று ஆபரேட்டரம்மா கழன்றுகொள்ளப் பார்த்தாள். "நான் நீச்சல் டிரஸ் எதுவும் கொண்டாரலம்மா. இன்னொரு நாள் பாக்கலாம்."

"புதுசு இருக்கு மேடம். கவர் கூடப் பிரிக்கல."

"எனக்குத் தண்ணின்னா பயம்." அது சத்தியமான உண்மை. ஒன்பது வருடத்தில் குளத்து நீர் அவள் கணுக்காலுக்கு மேலே ஏறியதில்லை.

"ஒன்பது வருஷமா வர்றீங்க, உங்களுக்கு என்ன பயம்?" பெண் குரலைத் தாழ்த்தினாள். "அது தண்ணி பயமில்ல மேடம். கூட வர்றவர் இல்லாத பயம்."

ஆபரேட்டரம்மா கவரை வாங்கிக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில், முழங்கால் வரை நீல உடையும் அவருடைய கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற உருவத்தை நிலைக்கண்ணாடியில் பார்த்தாள். அவருக்கு இதை விவரித்துச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

குளத்தின் ஓரத்தில் இறக்கு நாற்காலி காத்திருந்தது. நடக்க முடியாதவர்களைத் தண்ணீருக்குள் இறக்குகிற இயந்திரம். பெண் அவளை உட்கார வைத்துப் பட்டையை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். நாற்காலி சுழன்று தண்ணீருக்கு மேலே போய் நின்றது. மறுபடி அழுத்தினாள். இறங்க வேண்டிய நாற்காலி மேலே ஏறியது.

"பயப்படாதீங்க மேடம், கீழதான் போறீங்க!"

"மேலதானேம்மா போறேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க! உங்களுக்கெல்லாம் மத்த புலன் ரொம்பக் கூர்மைன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க!"

குளத்திலிருந்த ஐந்தாறு பேரும் நீந்துவதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அந்தரத்தில் தொங்கியபடி அவள் குளத்தின் கோடிச் சுவரைப் பார்த்தாள். அவர் மோதிக்கொண்ட சுவர்.

எக்ஸ்சேஞ்சை மூடிய பிறகு ஒன்றரை வருடம் அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. திரைச்சீலையைக் கூட விலக்க விடமாட்டாள். அப்போதுதான் அவர் இந்தக் கோலைச் செய்தார். "எனக்குச் சுவர் தெரியாது. நீ வந்து தட்டினாத்தான் ஆச்சு ஆபரேட்டர்." இரண்டு மாதம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு சாயங்காலம், "நாளைலேர்ந்து நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க" என்று படுத்துவிட்டாள். "சரி" என்றார். மறுநாள் தனியாகப் போய், நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு திரும்பி வந்தார். "சுவர் வந்து மோதிடுச்சு" என்று சிரித்தார். அதன் பிறகு காய்ச்சலில் கூட அவள் ஒரு நாள் தவறவிட்டதில்லை. அவர் நெற்றி வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. அவளுக்குள் அது வடியவே இல்லை.

நாற்காலி ஒருவழியாக இறங்கியது. மார்பளவுத் தண்ணீர். அவள் சுவரோரக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெண் கோலை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினாள்.

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வாங்க. சுவர் கிட்ட வந்ததும் நான் தட்டறேன், டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏன் மூடினாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் ஆளைத் தள்ளியது. ஒரு எட்டு, இரண்டு எட்டு. உலகத்தில் கம்பியையும் தண்ணீரையும் தவிர எதுவுமே இல்லை. அவருக்கு இப்படித்தான் இருந்திருக்குமா? சுவர் எங்கே இருக்கிறது? இன்னும் எவ்வளவு தூரம்?

உச்சந்தலையில் பந்து பட்டது.

இவ்வளவு லேசாகவா இருக்கும்? வலிக்குமோ வலிக்குமோ என்று ஒன்பது வருடம் பயந்து பயந்து தட்டியிருக்கிறாள். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள்.

"அண்ணி? நீங்க என்ன தண்ணிக்குள்ள?"

லைஃப்கார்டு நொண்டிக்கொண்டு வந்தார். ஈரத் தரையில் ஓடாதே என்று ஊரையெல்லாம் விரட்டுகிறவர், தானே வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்து, இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"அண்ணன் எங்க?"

"அவரு ஓடிட்டாராம் சார்," என்றாள் பெண் ரகசியமாக. "பாவம், கண்ணு தெரியாதவங்கள தனியா விட்டுட்டு."

"யாருக்குக் கண்ணு தெரியாது? இவங்களுக்கா? அந்தக் கரையில விழுந்த ஹேர்பின்ன இந்தக் கரையிலேர்ந்து பாப்பாங்கம்மா இவங்க!"

பெண் வாயைப் பிளந்தாள். எல்லோரும் ஆபரேட்டரம்மாவைப் பார்த்தார்கள். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கரையில் வைத்தாள்.

"அவர் செத்துட்டார் தம்பி."

மெதுவாகத்தான் சொன்னாள். பாட்டு இல்லாத, மிஷின் ஓடாத அந்த அமைதி நேரத்தில் அது தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு குளத்தின் நான்கு மூலைக்கும் போயிற்று. தாடிக்காரர் காதுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேடம்," பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் அவர வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே."

"பரவாயில்லம்மா. நானும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

லைஃப்கார்டு மடங்காத காலை நீட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். சொல்ல முடியாததைச் சொல்லிவிட்ட பிறகு, மற்றதைச் சொல்வது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"அந்த ஒரு நாள் நான் வரமாட்டேன்னுட்டேன் தம்பி. நீங்கதான் டியூட்டில இருந்தீங்க. வீம்புக்குப் படுத்துக்கிட்டேன், அவர் சுவத்துல மோதிக்கிட்டு வந்தார். வேற எதையும் நான் நினைச்சு அழல. அந்த ஒரு தட்டு. அத நான் தட்டாம விட்டுட்டேனே."

லைஃப்கார்டு தன் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றுமுற்றும் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"சொல்லவே கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கார் அண்ணி," என்றார். "இருபது கை போட்டா சுவர்னு அவருக்கு அத்துப்படி, நீங்க எக்ஸ்சேஞ்சுக்குப் போயிட்டிருந்தப்போ எத்தனையோ வருஷம் தனியா இங்க வந்து ஒரு தடவை கூட மோதினதில்ல. அன்னிக்கு மட்டும், 'பயந்துடாத தம்பி, ஆபரேட்டர நாளைக்கு வீட்ட விட்டு வெளிய கொண்டாரணும், இன்னிக்கு இருபத்தொண்ணு போடப் போறேன்'னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் தண்ணில இறங்கினார்."