கையில் தலை வைத்தது யார்?

பல் தேய்க்கப் போன ஆனந்தராஜின் கையில் பிரஷ் நிற்கவில்லை. வலது மணிக்கட்டு அறுத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்கியது. எவ்வளவு முக்கியும் விரல்கள் நிமிரவில்லை.

"மூட்டு விலகிடுச்சிடா" என்று அம்மா நல்லெண்ணெயைத் தடவி ஓர் இழுப்பு இழுத்தாள். வலி வந்ததே தவிர கை நிமிரவில்லை. "அப்ப இது வாதந்தான்" என்று அவளே முடிவுகட்டி, அடுத்த நிமிஷம் திண்டிவனத்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

திண்டிவனத்தில்தான் ஆனந்தராஜின் மனைவி புனிதா இருந்தாள். கல்யாணமாகி மூன்றே மாதம். ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மாதம் முடிகிறவரை மாப்பிள்ளை அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாதாம். மாப்பிள்ளை அடங்குகிற ஆளா? கண்டமங்கலத்தில் நண்பன் பூவரசன் வீட்டு விசேஷம் என்று முந்தின நாள் அம்மாவிடம் புளுகிவிட்டு, கடைசி பஸ்ஸில் திண்டிவனம் போனான். புனிதாவுக்கும் சொல்லவில்லை. தாழ் சரியில்லாத பின்கதவு வழியாக அவள் அறைக்குள் நுழைந்தான். கரண்ட் இல்லை. போர்த்திக்கொண்டு தூங்குகிறவளை எழுப்ப மனசு வராமல், தலைக்குக் கையைக் கொடுத்து, அசதியில் அப்படியே தூங்கிப்போனான். விடியுமுன் நல்ல பிள்ளையாக விழுப்புரம் திரும்பிவிட்டான்; கை மரத்திருந்ததை அப்போது சட்டை செய்யவில்லை.

பத்து மணிக்கெல்லாம் எலும்பு டாக்டர் ஃபர்ஹானாவின் அறையில் அம்மா, புனிதா, மாமனார் கோதண்டபாணி, மாமியார் தையல்நாயகி எல்லோரும் ஆஜர்.

டாக்டர் அவனைச் சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. கட்டைவிரலுக்குப் பின்பக்கம் ஊசியால் தொட்டபோது மட்டும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வாதமும் இல்ல, மூட்டும் விலகல. மேல்கையில போற நரம்பு அமுங்கியிருக்கு. புதுசா கல்யாணமா?"

"ஆமாங்க, மூணு மாசம்" என்றாள் அம்மா பெருமையாக.

"அதான். சம்சாரம் ராத்திரி முழுக்க கைமேல தலைவெச்சித் தூங்கினா இப்படி வரும். பட்டை போட்டு எக்சர்சைஸ் பண்ணா ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

"என் பொண்ணு திண்டிவனத்துல எங்ககூட இல்ல இருக்கா?" என்றாள் தையல்நாயகி.

எல்லோரும் ஆனந்தராஜைப் பார்த்தார்கள்.

"தலை இல்லிங்க, மூட்டை" என்றான் அவசரமாக. "பூவரசன் வூட்ல மல்லாட்டை மூட்டைமேல கையைப் போட்டுக்கினு தூங்கிட்டேன்."

இந்தக் கடலை மூட்டைக் கதைக்கெல்லாம் அம்மா விடுகிற ஆளில்லை. பூவரசனுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

"ஆனந்தனாம்மா? அவனப் பாத்து ஒரு மாசமாச்சே. இங்க விசேஷமும் இல்ல, மூட்டையும் இல்ல."

புனிதாவின் கண் நிரம்பிவிட்டது. ஆனந்தராஜ் அவள் பக்கம் திரும்பினான். மானம் போனால் போகிறது, பெண்டாட்டி போனால் என்ன செய்வது?

"புனிதா, நீயே சொல்லிடு. நேத்து ராத்திரி உன் ரூமுக்கு வந்தேன் இல்ல? உன் தலைக்குத்தான கை குடுத்தேன்?"

மாமனார் தலை குனிந்துகொண்டார். வெட்கங்கெட்ட மாப்பிள்ளை என்று நினைக்கிறார் போலும் என்று ஆனந்தராஜ் சகித்துக்கொண்டான்.

"பொய்யி" என்றாள் புனிதா. "நேத்து நீங்க எங்கிட்ட வரவே இல்ல. சொல்லுங்க, எவ தலைங்க அது?"

வராமலா? அந்தத் தலையின் சூடுகூட இன்னும் அவன் தோளில் இருக்கிறதே. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

தையல்நாயகி மெல்லத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நேத்து நானும் புனிதாவும் மாடியில படுத்துக்கினோம், நீங்கதான கீழ அவ ரூம்ல படுத்தீங்க, 'முப்பது வருஷத்துல நேத்துதாண்டி ஆசையா தலைக்குக் கை குடுத்த'ன்னு காலையில எங்கிட்ட சொன்னீங்களே, கனவுன்னு விட்டுட்டேன், அது இந்தக் கைதானா?"